பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

29 செப்டம்பர், திங்கள்

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் நான் ஏன் அப்டேட் போடுகிறேன்? எனக்கே தெரியவில்லை. ஜூனில் போட்டேன், சத்தம் போயிற்று. ஆகஸ்டில் போட்டேன், பிரிண்டர் போய்த் திரும்பி வந்தது. லினக்ஸ் காசு கேட்காது, வைரஸ் பிடிக்காது என்று சொல்லி நிறுவித் தந்தவர் எங்கள் கல்லூரிக் கணினிப் பிரிவு வெங்கடேஷ். மற்றதைச் சொல்லவில்லை.

30 செப்டம்பர்

மொழிபெயர்ப்பு முடிந்தது. 312 பக்கம், மூன்று வருடம். ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்தாயிற்று. நாளை முன்னுரையை ஒருமுறை படித்துவிட்டு மொழிபெயர்ப்பாளர்களுக்கான நிதி நல்கைக்கு அனுப்ப வேண்டும். மாலை ஆறு மணிக்கு இணையதளம் மூடும். வயது வரம்பு ஐம்பது. எனக்கு அடுத்த முறை கிடையாது.

1 அக்டோபர், ஆயுத பூஜை

காலையில் என்னோடு இருக்கும் ஜானு அக்கா மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, "மத்யானம் வரைக்கும் தொடப்படாது" என்றாள். ஹார்ட் டிஸ்க்குக்கும் பொட்டு வைத்துப் புத்தகங்களோடு பூஜையில் அடுக்கிவிட்டாள். "உன் எழுத்தெல்லாம் இதுலதானேடி இருக்கு!"

கணினி சும்மாதானே இருக்கப்போகிறது, அப்டேட்டாவது ஓடட்டும் என்று முன்னமே அழுத்தியிருந்தேன். கை படாத வேலை. என்ன புத்திசாலித்தனம்!

இரண்டு மணிக்குத் திறந்தால் கறுப்புத் திரை.

வெங்கடேஷைக் கூப்பிட்டேன். "லினக்ஸ் மேல தப்பு இல்ல மேடம், கிராபிக்ஸ் டிரைவர்தான். நாளைக்கு வந்து பாக்கறேன்." எப்போதும் வேறு ஏதோ ஒன்றின் தப்பு. சீ.

ஹார்ட் டிஸ்க்கை எடுக்கப் போனேன்.

"பூஜைல வெச்சதை நாளைக்குத்தான் எடுக்கணும்."

"ஆறு மணிக்கு மூடிடுவான்க்கா. அப்புறம் எனக்கு ஜென்மத்துக்கும் கிடையாது."

எடுத்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கச்சேரி சாலை, லஸ் — எல்லாக் கடையிலும் வாழைக்கன்று, இழுத்து மூடிய ஷட்டர், வாசலில் உடைந்த பூசணிக்காய். ஆட்டோக்காரர்தான் திருவல்லிக்கேணிக்கு அழைத்துப்போனார். பெரிய மசூதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர் திறந்திருந்தது. கடைக்காரம்மா கைசர் ஜஹான் ஹார்ட் டிஸ்க்கை வாங்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னாக்கா, இதுக்குக் கூடவா பொட்டு?"

அவர் கணினி பன்னிரண்டு வருடப் பழசு. அப்டேட் போடுவீர்களா என்றேன்.

"அய்யே! ஓடிக்கினு கீறத நான் ஏன் நோண்டப்போறேன்? எனக்குக் கட நடக்க வேணாவா?"

மொழிபெயர்ப்பு ஐந்து நாற்பதுக்குப் போய்ச் சேர்ந்தது. முன்னுரையைப் படிக்கவே இல்லை.

ராத்திரி அக்கா சாப்பாட்டை மூடிவைத்துவிட்டுப் படுத்துவிட்டாள்.

2 அக்டோபர், விஜயதசமி

வெங்கடேஷ் வந்தார். ஆன் செய்யும்போது வரும் பட்டியலில் பழைய பதிப்பைத் தேர்ந்தெடுத்தார். ஒரே நிமிடம். ஓடியது.

"பழசு எப்பவும் உள்ளயே இருக்கும் மேடம்."

இதை நேற்று போனில் சொல்ல எத்தனை நேரம் ஆகியிருக்கும்? காபி கொடுத்து அனுப்பினேன்.

அவர் போனதும் திரையின் மூலையில் ஒரு பெட்டி. நேற்றைய கோளாறுக்குத் திருத்தமாம். இப்போதே நிறுவவா என்கிறது. வெட்கமே கிடையாது.

பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அக்கா, பூஜையில் வைத்ததை எடுப்பதற்கு மறுநாள் செய்யும் புனர்பூஜையை முடித்துவிட்டு வந்தாள். ஹார்ட் டிஸ்க்கில் அழிந்திருந்த பொட்டைத் துடைத்துப் புதிதாக வைத்து, மேஜையில் வைத்தாள்.

"மொதல்ல இதுல காப்பி பண்ணிக்கோ. எப்படியும் அழுத்தத்தான் போறே."

நகல் எடுத்தேன். அழுத்தினேன்.

திரை வந்தது. சத்தம் வருகிறது. பிரிண்டர் போய்விட்டது.