பதிவேட்டில் உன் பெயருக்கு நேரே ஒரு கோடு

யார்க்ஷயர்
20 செப்டம்பர் 1999

அன்பு மகன் கீத்துக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே அப்பாவுக்கும் எனக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை, மனசைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன். நீயும் ஐலாவும் குழந்தை ஜெசியும் சுகமாக இருக்கிறீர்கள் என்று எனக்கு இப்போது நன்றாகவே தெரியும், ஏனென்றால் இந்த மாதம் இரண்டு நாள் நீ செத்துப்போய்விட்டாய் என்று நினைத்துக்கொண்டு இந்த வீட்டுக்குள் நடமாடியிருக்கிறேன். அது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன், பாதியில் மடித்து வைத்துவிட்டு ஆட்டைப் பார்க்கப் போய்விடாதே. அப்பாவின் முட்டிவலி பழையபடிதான், ஆனாலும் ஏணியில் ஏறிக் கூரைத் தகட்டைச் சரிசெய்கிறேன் என்று நிற்கிறார், முப்பது வருடம் பஸ் ஓட்டியவருக்கு ஏணி எதற்கு. பீன்ஸ் இந்த வருடம் நன்றாகக் காய்த்தது, பாதியை நத்தை தின்றது. உன் தங்கை ஜேனட் புது வீட்டுக்குப் போய்விட்டாள், அவள் வீட்டுக்காரர் சுவருக்கு அடித்திருக்கும் மஞ்சளைப் பார்த்தால் பல் கூசுகிறது, நான் ஒன்றும் சொல்லவில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டனீடனில் இருக்கிற எனிட் ஆல்டர்கில்லை உனக்குத் தெரியாது, எனக்கும் கடிதத்தில் மட்டும்தான் பழக்கம், உங்கள் நாட்டில் நம் குடும்பப் பெயரோடு இருக்கிற ஆல்டர்கில்களை வாக்காளர் பட்டியலில் பார்த்து எண்ணி எனக்கு எழுதி அனுப்புகிறவள். அவளிடமிருந்து நாலாம் தேதி சனிக்கிழமை கடிதம் வந்தது. டிமாருவில் ஆல்டர்கில் என்று போன பட்டியலில் இருந்தவர் புதுப் பட்டியலில் இல்லை, வேறு ஊருக்கும் மாறவில்லை, நாடு முழுக்கத் தேடிவிட்டேன், வழக்கப்படி சிலுவைக் குறி போட்டுவிடட்டுமா, குடும்பத்தார் யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால் என் அனுதாபத்தைச் சொல்லிவிடுங்கள் என்று எழுதியிருந்தாள். அந்தக் குடும்பத்தார் நான்தான் என்று பாவம் அவளுக்குத் தெரியாது. ஆல்டர்கில் பெயர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிற நம் குழுவில் இருபது வருடமாக உள்ள விதி அது, பட்டியலிலிருந்து பெயர் போனால் ஆள் போய்விட்டான் என்று அர்த்தம், அந்த விதியை எழுதியதே நான். எத்தனை பேருக்கு அப்படிச் சிலுவை போட்டிருப்பேன். உடனே உனக்குப் போன் செய்தேன், எடுக்க ஆள் இல்லை, மறுபடி செய்தேன், ஞாயிறு முழுக்கச் செய்தேன். உன் அப்பா மட்டும் செய்தித்தாளை மடிக்காமல், பதறாதே மேவிஸ், குட்டி போடுற சீசன், எல்லாரும் மேட்டுல இருப்பாங்க என்றார். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று தெரியாமல் நான் தவிக்கிறேன், இந்த மனுஷனுக்கு எப்படி இத்தனை நிதானம் என்று எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

திங்கள் காலை ஆறு மணிக்குத்தான் போனை எடுத்தார்கள். எடுத்தது ஜெசி. ஹலோ, முன்ரோ வீடு, ஜெசி முன்ரோ பேசுறேன் என்றாள், பள்ளியில் சொல்லிக் கொடுத்த மாதிரி கணீரென்று. முன்ரோ என்பது ஐலா பிறந்த வீட்டுப் பெயர் என்று தெரியாதவளா நான். அப்பா இருக்காரா கண்ணு என்று கேட்டேன், அப்பா ஆட்டுக்குக் குட்டி இழுத்துவிடப் போயிருக்காரு, யாரு பேசறதுன்னு சொல்லட்டும் என்றாள். முன்ரோ என்று பெயரைத்தான் மாற்றிக்கொண்டுவிட்டாய், நீ உயிரோடு இருக்கிறாய். அந்தச் சந்தோஷத்தில் நான் அழுதிருக்க வேண்டும், ஆனால் ராங் நம்பர் கண்ணு என்று சொன்னேன். சொந்தப் பேத்தியிடம் பொய் சொன்னேன். அதற்கு அவள், நீங்க எங்க யார்க்‌ஷயர் பாட்டி மாதிரியே பேசுறீங்க என்றாள், நான் போனை வைத்துவிட்டேன்.

சமையலறையில் அப்பா தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் பானையைக் கீழே வைத்துவிட்டு, தெரிஞ்சு போச்சா என்று கேட்டார். என்ன தெரிஞ்சு போச்சான்னு கேக்கறீங்க, உங்களுக்கு எப்போ தெரியும் என்றேன். மூணு வருஷம் ஆச்சு, அவன் என்கிட்ட சொன்னான், நாந்தான் உங்கம்மாகிட்ட இப்ப வேணாம்டா, அவ நம்ம பேரைப் பத்திப் புத்தகம் போடற வேலையில இருக்கா, அப்புறம் பாத்துக்கலாம்னேன், அப்புறம் அப்படியே தள்ளிப் போச்சு என்றார். மூன்று வருடம், கீத். மூன்று வருடமும் செப்டம்பரில் பெயர்க்காரர்கள் எல்லாரும் கூடுகிற நாளில், நான் தேவாலயக் கூடத்தில் எழுந்து நின்று டிமாருவில் மூன்று பேர், என் மகன் கீத், மருமகள் ஐலா, பேத்தி ஜெசி என்று வாசித்திருக்கிறேன், இந்த மனுஷன் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டிவிட்டுக் கேக் தின்றிருக்கிறார். அன்றைக்கே பிஸ்கட் டப்பாவைத் திறந்து நீ அனுப்பிய கிறிஸ்துமஸ் அட்டைகளை எல்லாம் எடுத்துப் பார்த்தேன். கீத், ஐலா, ஜெசி என்று மட்டும் இருக்கிறது, உறையின் பின்னால் ஐலாவின் கையெழுத்தில் பண்ணையின் பெயர் மட்டும். எவ்வளவு கவனமாக எழுதியிருக்கிறீர்கள். முதுகில் குத்துகிறவன்கூட ஒரு தடவைதான் குத்துவான், நீங்கள் வருடா வருடம் வாழ்த்தோடு குத்தியிருக்கிறீர்கள்.

நான் ஏன் இப்படிக் கொதிக்கிறேன் என்று ஐலாவுக்குப் புரியாது, நீயாவது சொல். பெயர் உன் அப்பாவுடையது, அவருக்கு அதில் அக்கறை இருந்ததே இல்லை, பேரு என்னோடது பைத்தியம் உன்னோடது என்று சிரிப்பார். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவருடைய அம்மா என்னை வந்தவள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார், எதைப் பேசினாலும் வந்தவளுக்கு என்ன தெரியும் என்பார். மாமியார் இறந்த பிறகு குடும்ப பைபிளின் முதல் பக்கத்தில் இருந்த பெயர்களை வைத்துக்கொண்டு, இருந்தவர்களை விட எனக்கு அதிகம் தெரியட்டும் என்று ரோஷத்தில்தான் தொடங்கினேன். ஆல்டர்கில் என்கிற அந்த ஓடைப் பள்ளத்துக்கு உன்னையும் ஜேனட்டையும் மழையில் இழுத்துக்கொண்டு போனது நினைவிருக்கிறதா, ஆல்டர் மரங்களும் ஒரு பண்ணையும் தவிர அங்கே ஒன்றும் இல்லை, பசிக்குது பசிக்குது என்று நச்சரித்தாய். அந்தப் பள்ளத்தில் இருந்தவரை ஒருவனுக்கும் ஆல்டர்கில் என்று பெயர் கிடையாது, அவன் வெறும் ஜான், வெறும் வில். அங்கிருந்து இறங்கிச் சந்தை ஊருக்குப் பிழைக்கப் போனவனைத்தான், எந்த ஜான், ஆல்டர்கில்ல இருந்து வந்தானே அவனா என்று மற்றவர்கள் கேட்டார்கள், அது ஒட்டிக்கொண்டது. இந்தப் பெயரே போனவனுக்கு வந்த பெயர்தான். அப்புறம் ஆலை வேலைக்கு லங்காஷயர் போனார்கள், ஈயச் சுரங்கம் மூடியதும் ஒரு குடும்பம் விஸ்கான்சின் போனது, மற்றபடி இன்றைக்கும் பாதிப் பேர் அந்தப் பள்ளத்திலிருந்து இருபது மைலுக்குள்தான் இருக்கிறார்கள், இரண்டு மலை தாண்டிவிட்டால் பெயரை எழுத்துக்கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கிறது. உலகத்தில் மொத்தமே நானூற்றுப் பன்னிரண்டு பேர். நீ கப்பலேறினபோது நான் ஒரு வாரம் அழுதேன், ஆனால் சுவரில் உள்ள வரைபடத்தில் டிமாருவில் ஒரு சிவப்புக் குண்டூசியைக் குத்தியதும் ஆறுதலாக இருந்தது, எங்கே போனாலும் வந்த இடத்தைக் கையோடு கொண்டுதான் போகிறான் என்று. அதை நீயே பிடுங்கி எறிவாய் என்று நினைக்கவில்லை.

போன சனிக்கிழமை கூட்டம். தலைவலி என்று போகாமல் இருந்திருக்கலாம், அது என் வழக்கம் இல்லை. நாற்பத்துமூன்று பேர் வந்திருந்தார்கள். நம் பதிவேட்டில் மூன்றே குறிகள், பிறந்தால் வட்டம், இறந்தால் சிலுவை, பெண்ணுக்குக் கல்யாணம் ஆனால் ஒரு கோடு, கோட்டுக்குப் பக்கத்தில் மணமாகி வெளியேறினார் என்று எழுதுவோம். ஆண்பிள்ளை பெயரை விட்டுவிட்டுப் போனால் போட ஒரு குறி இல்லை, அப்படி ஒருவன் செய்வான் என்று யாருக்கும் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன், கடைசியில் உனக்கு நேரே கோடு போட்டேன். கூட்டத்தில் எழுந்து, டிமாரு, கீத், மணமாகி வெளியேறினார், அவரோடு இருவர் என்று வாசித்தேன். பின்வரிசையில் யாரோ, என்னங்க பையனையா கட்டிக் குடுத்தீங்க என்று கேட்டார், கூடம் முழுக்கச் சிரித்தது, நானும் உதட்டை இழுத்துச் சிரித்து வைத்தேன். பிறகு ஹாம் சாண்ட்விச் தின்றோம், மழை பிடித்துக்கொண்டது.

காரில் திரும்பும்போது நான் வாய் ஓயாமல் உன்னைத் திட்டிக்கொண்டு வந்தேன், அப்பா சாலையை மட்டும் பார்த்து ஓட்டினார். பின்சீட்டிலிருந்து ஜேனட், அம்மா என் பேருக்கு நேரா நீங்க கோடு போட்டீங்களே, அன்னைக்குக் கேக் வெட்டுனீங்க என்றாள். அது வேற இது வேற என்றேன். என்ன வேற என்று கேட்டாள். எனக்கு என் அப்பாவின் நினைவு வந்துவிட்டது. அதை இதுவரை உன்னிடம் சொன்னதில்லை, யாரிடமும் சொன்னதில்லை.

என் அப்பா சிரில் ஹாமர்பி, உனக்கு ஒன்பது வயதிருக்கும்போது போனவர், போட்டிருந்த கோட்டுச் சட்டையில் ரயில்வே பொத்தான் வைத்திருந்தார் என்பது மட்டும் உனக்கு நினைவிருக்கும். லிங்கன்ஷயர் கடலோரத்திலிருந்து சிக்னல் வேலைக்கு இங்கே வந்தவர், அவருடைய தம்பிகள் இருவரும் யுத்தத்தில் போய்விட்டார்கள், பிள்ளை என்று நான் ஒருத்தி. என் கல்யாணத்துக்கு முந்தின வாரம், தொப்பியைக் கையில் சுற்றிக்கொண்டே, மேவிஸ், உனக்கு மொதல்ல பையன் பொறந்தா நடுவுல நம்ம பேரைப் போடுவியாம்மா, நடுவுல போட்டாப் போதும், யாரும் கூப்பிடக்கூட வேணாம் என்று கேட்டார். போடறேன்ப்பா என்றேன். நீ பிறந்ததும் பெயர் பதிய நான்தான் போனேன், என் மாமியாரும் கூட வந்தார், வழியெல்லாம் ஹாமர்பியாமே, சுத்தியல் கடை போர்டு மாதிரி என்று கேலி. பதிவாளர் கேட்டபோது கீத் ஆர்தர் என்று சொல்லிவிட்டேன். மாமியார் சொல்ல வைத்தார் என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன், அது பொய், எனக்கே கூச்சமாக இருந்தது. அப்பாவிடம் சொல்லவும் இல்லை. ஞானஸ்நானத்துக்கு ஷூவைப் பளபளவென்று துடைத்துப் போட்டுக்கொண்டு வந்தார், பாதிரியார் கீத் ஆர்தர் என்று சொல்லி உன் தலையில் தண்ணீர் விட்டதும் என் அப்பா தன் தொப்பிக்குள் குனிந்து பார்த்தார். பிறகு வீட்டுக்கு வந்து ஒரு சாண்ட்விச் தின்றார், பஸ் எத்தனை மணிக்கு மாப்பிள்ளை என்று உன் அப்பாவைக் கேட்டார், நாலு பத்துக்கு ஒண்ணு இருக்கு மாமா என்றார் இவர். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

இன்று காலை நூலகத்துக்குப் போனேன். இன்னைக்கும் ஆல்டர்கில்தானா மிஸஸ் ஆல்டர்கில் என்று அங்கே வேலை செய்கிற பெண் கேட்டாள், இல்லை ஹாமர்பி என்றேன். இருபத்தாறு வருடம் ஊர் ஊராக உன் அப்பாவின் பெயரைத் தேடினேன், என் பெயரைத் தேடியது இதுவே முதல் தடவை. யார்க்‌ஷயரில் இல்லை, லிங்கன்ஷயரில் இல்லை, நாடு முழுக்க உள்ள தொலைபேசிப் பட்டியலில் ஒருவர்கூட இல்லை.

ஐலாவின் அப்பா டன்கனுக்கும் அவள் ஒருத்திதான், அவர் படுத்த படுக்கையானபோது, அவர் கேக்கவே இல்லப்பா, நானாத்தான் அவர் பேரை எடுத்துக்கிட்டேன் என்று நீ அப்பாவிடம் சொன்னாயாம். என் அப்பா கேட்டார், கீத். வாய்விட்டுக் கேட்டார். உன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை, பெயரை விட்டதற்கும் கோபம், என்னிடம் மறைத்ததற்கு அதைவிடக் கோபம், தீர எத்தனை நாளாகும் என்று தெரியாது, தீர்ந்துவிட்டது என்று உனக்காக எழுதவும் மாட்டேன். பதிவேட்டில் போட்ட கோட்டை அழிக்க மாட்டேன். குண்டூசியை எடுக்கப் போனேன், எடுக்க மனசு வரவில்லை, அது அங்கேயே இருக்கிறது. உறையில் முன்ரோ என்று எழுதப் பார்த்தேன், கை வரவில்லை, பண்ணையின் பெயரைப் போட்டிருக்கிறேன், வந்து சேரும்.

குட்டி போடுகிற சீசனில் ஈரக் காலுறையோடு உட்காராதே, உனக்குச் சளி பிடித்தால் மார்புக்கு இறங்கிவிடும். டன்கன் இப்போது எழுந்து நடக்கிறார் என்று அப்பா சொன்னார், நான் விசாரித்ததாகச் சொல். ராங் நம்பர் என்று சொன்னது யார்க்‌ஷயர் பாட்டிதான் என்று ஜெசியிடம் மறக்காமல் சொல்லிவிடு, குழந்தைக்குக் குரல் அடையாளம் சரியாகத்தான் தெரிந்தது என்றும் சொல். ஞாயிற்றுக்கிழமை போன் செய், அப்பாவிடம் இல்லை, என்னிடம் பேசு. கடவுள் உங்கள் மூவரையும் ஆட்டு மந்தையையும் காப்பாற்றட்டும்.

உன் அம்மா,
மேவிஸ் ஹாமர்பி