ஏகமனதாக

பெருங்களத்தூர்

அன்புள்ள தங்கை எப்சிக்கு, கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நான் எழுத்தராக இருக்கும் குடியிருப்பில் ஒரு சிறுமி தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து காலை முறித்துக்கொண்டாள். பிழைத்துவிட்டாள், கவலைப்படாதே. மூடியைத் திறந்துபோட்டது காவலாளி கதிரேசன்தான் என்று குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். மூடி உடைந்திருப்பதாக அவர் முன்பே தந்த புகாரை நான்தான் பதிவேட்டில் எழுதியிருந்தேன். அதைத் தயங்கிச் சொன்னேன்.

"என்ன சார், நீங்க நம்ம ஆளா, வாட்ச்மேன் ஆளா?" என்று செயலாளர் கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். கூட்டக் குறிப்பில் 'ஏகமனதாக' என்று எழுதிவிட்டேன். கதிரேசனை வேலையைவிட்டு நீக்கினார்கள். "என் புகாரை நீங்கதானே சார் எழுதுனீங்க?" என்றார், வாசலில்.

எலுமிச்சை ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு, ஒருவனுக்குப் போதும்.

நான் இங்கே வேலைக்கு வந்த எட்டு மாதத்தில் முதன்முறையாகச் சங்கத்தார் என்னைத் தங்களோடு சாப்பிடக் கூப்பிடுகிறார்கள். போகக் கூடாதுதான், ஆனாலும் போகிறேன்.

லாசரஸ்