புறா அணைப்பு நிலையம்

எஸ்பத் ஹல்பாவி, ஃபயூம்
மார்ச் 4

பெருமதிப்பிற்குரிய கட்டடக்கலை மகாராணி நக்லா அக்காவுக்கு,

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், செவ்வாய்க்கிழமை காலை எட்டே காலுக்கு, நீ வரைந்து நம்மூரில் எழுப்பிய தீயணைப்பு நிலையத்தில் ஒரு முட்டை இடப்பட்டது. என் கணக்குப் பரீட்சைக்கு அடுத்தபடியாக இந்த வருஷத்தின் முக்கியமான முட்டை.

ஓஸ் குழாய் காயவைக்க ஒரு கோபுரம் வரைந்தாயே, நம்மூர்ப் புறாக்கூண்டுக் கோபுரம் மாதிரியே, மண்செங்கல்லில், சுற்றிலும் காற்றுத் துளையோடு? அது குழாய்க்கு என்று புறாக்களிடம் யாரும் சொல்லவில்லை போல. பன்னிரண்டு ஜோடி குடியேறிவிட்டன. கேப்டன் அவ்வாத் ஈரக் குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு அண்ணாந்து பார்க்கிறார். "டேய் ரிஃபாத், உங்க அக்கா இத எனக்குக் கட்டினாளா, இதுங்களுக்குக் கட்டினாளா?" பக்கத்து வீட்டுக்காரி உம்ம் ஸஃப்வத்துக்கோ ஒரே குஷி. "புறா தங்குற எடத்துல தீ எப்படிப் புடிக்கும்? பேசாம வண்டிய வித்துடுங்கய்யா."

ஆக, இது இனி தீயணைப்பு நிலையம் இல்லை, புறா அணைப்பு நிலையம்.

போனில் சொல்லியிருப்பேன். மணிச்சத்தத்தைச் சைரனாக மாற்றி நிலையத்து ஆட்களை மூன்று முறை ஓடவிட்டதால் அப்பா பிடுங்கி வைத்திருக்கிறார். மினிபஸ் கமால்தான் இப்போது தபால்காரர்.

அருமைத் தம்பி
ரிஃபாத்

கெய்ரோ
மார்ச் 7

அன்புத் தம்பிக்கு,

படித்துச் சிரித்தேன். பிறகு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டாம் தேதி மாகாணக் குழு பார்வையிட வருகிறது. அவர்கள் கையெழுத்துப் போட்டால்தான் நிலையம் முறைப்படி திறக்கும். "மண் வேண்டாம், முற்றத்தைப் பாதியாக்கு, கான்கிரீட் பெட்டி போதும்" என்று ஆரம்பத்திலிருந்தே சொல்பவர்கள். கோபுரத்தில் எச்சம் வழிவதைப் பார்த்தால் இடிக்கச் சொல்லிவிடுவார்கள். இது என் முதல் கட்டடம்டா.

துளைகளுக்குக் கம்பிவலை அடிக்கச் சொல்லிக் கேப்டனிடம் கேள். முட்டைகளை உம்ம் ஸஃப்வத் தன் கூண்டில் வைத்துக்கொள்ளட்டும். நீ ஏறாதே. ஒன்று மட்டும் உண்மையைச் சொல்: காலிக் கோபுரத்துக்குப் பன்னிரண்டு ஜோடி தானாகவா வந்தன?

இவ்வளவு எழுதினாயே, அம்மாவின் முழங்கால் வலி எப்படி என்று ஒரு வரி இல்லை.

நக்லா

எஸ்பத் ஹல்பாவி
மார்ச் 11

அக்கா,

அம்மாவின் முழங்காலுக்கு என்னைத் துரத்துகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறது. புறாக்கள் தானாகத்தான் வந்தன. கலைக்கு மயங்காத பறவை உண்டா?

கவலையை விடு. கேப்டன் ஆள் அனுப்புகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். ஒற்றை ஆளாக முடித்துக் காட்டுகிறேன். கோபுரத்தில் என் பெயரைப் பொறிக்க நல்ல இடமாகப் பார்த்து வை.

மாவீரன் ரிஃபாத்

எஸ்பத் ஹல்பாவி
மார்ச் 19

அக்கா!

கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்! பச்சை மையில்!

எல்லாம் என் ஏற்பாடு. குழு முற்றத்தில் நிற்கும்போது கோபுரத்தில் ஓர் அபாய ஒத்திகை வைத்தேன். வண்டி நேராக வெளியே வந்தது. உன் முற்றத்தில் ஒரே வளைப்பில் திரும்பி, ஏணியை நீட்டி, மூன்றே நிமிஷத்தில் ஆளை இறக்கியது. குழுத் தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? "இவ்ளோ பெரிய முற்றம் எதுக்குன்னு கேக்கத்தான் வந்தேன். கேக்கல. பேனாவக் குடுங்க."

இத்தோடு முடித்திருப்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உம்ம் ஸஃப்வத் மகளைப் பார்க்கக் கெய்ரோ வருகிறாளாம். அவளுக்கு முன்னால் நான் சொல்லிவிடுவது நல்லது.

ஒத்திகை எதுவும் இல்லை. வலையெல்லாம் அடித்தாயிற்று, கடைசி முட்டையை எடுக்க ஏறினேன். மர ஏணி சரிந்துவிட்டது. கோபுரச் சுவரில் துருத்திக்கொண்டிருந்த மரக்கட்டையைப் பிடித்துத் தொங்கினேன். இறக்கப்பட்ட ஆள் நான்தான்.

புறாக்களும் தானாக வரவில்லை. தினமும் சோளம் தூவியது நான். கேப்டன் முழிப்பதைப் பார்க்க ஆசை. அது உன் முதல் கட்டடம் என்பதை யோசிக்கவே இல்லை. நீ எழுதியதைப் படித்த பிறகு நான் செய்ததை யாரிடமும் சொல்ல வாய் வரவில்லை, நானே சரிசெய்துவிடலாம் என்றுதான் தனியாக ஏறினேன்.

வீரமாகத் தொங்கினேன் என்று எழுதப் பார்த்தேன். கத்தினேன், அக்கா. எல்லாரும் அம்மாவைக் கூப்பிடுவார்களாம். நான் "நக்லாக்கா, நக்லாக்கா"ன்னு கத்தினேனாம். நீ நூறு கிலோமீட்டர் தள்ளி இருப்பது அப்போது ஞாபகத்துக்கே வரவில்லை.

ரிஃபாத்