மந்திரியின் நாற்காலியும் மூன்று பன்றிகளும்

செப்டம்பர் 9

இன்று முதல் நான் எம்.பி. கட்சிப் பட்டியலில் எங்கள் மாவட்டத்துக்கு ருசினோவ் முதல் பெயர், நான் இரண்டாவது. ஒரு பெண் வேண்டுமாம். மாட்டு டாக்டர் என்றால் கிராமத்து ஓட்டும் விழுமாம். ருசினோவ் இப்போது விவசாய மந்திரியாகிவிட்டார். எங்கள் சட்டப்படி மந்திரி எம்.பி.யாக இருக்க முடியாது; அவர் மந்திரியாக இருக்கும்வரை அவருடைய எம்.பி. நாற்காலியில் நான் உட்காரலாம். அவர் பதவி போனால் நாற்காலி அவருக்கு; நான் வீட்டுக்கு.

"நாற்காலிய சூடா வெச்சிருங்க டாக்டரம்மா," என்றார். நான் என்ன அடைக்கோழியா?

செப்டம்பர் 10

நாற்காலி சுழல்கிறது. யாரும் பார்க்காதபோது இரண்டு சுற்று.

அக்டோபர் 3

பன்றிக் காய்ச்சலைச் சாக்கு வைத்து மந்திரி ஒரு மசோதா கொண்டுவருகிறார். இனி வீட்டில் ஒரு பன்றிகூட வளர்க்கக்கூடாது. பெரிய பண்ணைகள் மட்டும்தான் வளர்க்கலாம். எங்கள் மாவட்டத்தில் பெரிய பண்ணை ஒன்றே ஒன்று. அது அவர் மச்சானுடையது. இத்தனைக்கும் மந்திரியுடைய அம்மாவே கொல்லையில் பன்றி வளர்க்கிறாள். ஊசி போடுவதே நான்தான்.

ஊரிலிருந்து நெவெனா அக்கா போன். "எங்க பன்னிய வெட்டத்தான் தலைநகரம் சோபியாவுக்குப் போனியா? குளிர்காலம் முழுக்க என்னத்தடி திங்கிறது, உன் பேச்சையா?"

விதவை. ஓய்வூதியம் பாதி மாதத்துக்குக்கூடக் காணாது. அந்த ஒரு பன்றிதான் வசந்தம் வரைக்கும் சாப்பாடு. சுருக்கென்றது.

அக்டோபர் 11

வீட்டுக்கு ஐந்து பன்றி வரை வளர்க்கலாம் என்று ஒரு திருத்தம் எழுதிக் கொடுத்தேன். எங்கள் கொறடா அதைப் படிக்கக்கூட இல்லை. "மாட்டைப் பாக்கறவங்களுக்கு மசோதா எதுக்கும்மா?" என்றான். தடியன்.

அக்டோபர் 16

எதிர்க்கட்சி நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவருகிறது. அடுத்த வியாழன் வாக்கெடுப்பு. அவர்களுக்கு ஒரே ஒரு ஓட்டு குறைகிறது. ஒரே ஒரு ஓட்டு! மந்திரியிடம் ஓடினேன்.

"என் திருத்தம் இல்லன்னா என் ஓட்டும் உங்களுக்கு இல்ல."

சிரித்த சிரிப்பில் காப்பி அவர் டை மேல் கொட்டியது. "அரசு கவுந்தா நான் என் நாற்காலிக்குத் திரும்பி வந்துருவேன். நீங்க எங்க போவீங்க? உக்காந்திருக்கிற கிளைய யாராச்சும் வெட்டுவாங்களா டாக்டரம்மா?"

உண்மைதானே. வெட்டுவேனா? வாசலில் சல்யூட், வண்டி, சம்பளம் — பிடித்துத்தான் போச்சு. அது எல்லாருக்கும் தெரிஞ்சும் போச்சு. பல் இல்லாத நாய் குரைச்சா எவன் பயப்படுவான்?

அக்டோபர் 18

பல் கட்டிக்கொண்டேன்.

சோபியாவில் எடுத்திருந்த அறையைக் காலி செய்தேன். மெத்தையைக் கார் மேல் கட்டி, நாடாளுமன்ற வாசலில் மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஊருக்கு வந்தேன். மூடிக் கிடந்த என் மருத்துவமனைக் கதவில் அட்டை தொங்கவிட்டேன்: 'அடுத்த வெள்ளிக்கிழமை முதல் டாக்டர் ஊரில்தான் இருப்பார்.' அதாவது, வாக்கெடுப்புக்கு மறுநாள் முதல். நெவெனா அக்கா அதைப் படம் பிடித்து ஃபேஸ்புக்கில் போட்டுவிட்டாள். சாயங்காலத்துக்குள் நாடே பார்த்துவிட்டது.

அக்டோபர் 20

ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக மந்திரி போன்.

"என்னம்மா, விளையாடறீங்களா?"

"இல்லீங்களே. வெள்ளிக்கிழமை நிறைய பன்னிக்குக் காயடிக்கணும். கத்தி தீட்டிக்கிட்டிருக்கேன்."

"நாளைக்கு வாங்க," என்றார். குரலில் சூடே இல்லை.

அக்டோபர் 21

மந்திரி அறையா, சந்தையா?

"ஒண்ணு," என்றார்.

"அஞ்சு."

"ரெண்டு. மச்சான் என்னைக் கொன்னுருவான்."

"அஞ்சு. கத்தி ரெடியா இருக்கு."

"மூணு! அதுக்கு மேல ஒரு வால்கூடக் கிடையாது."

நெவெனா அக்காவுக்கு ஒன்று போதும். ஒத்துக்கொண்டேன். அதோடு விட்டாரா? மூன்றுக்கு மேல் இருந்தால் பறிமுதல் என்று தன் பேனாவாலேயே ஒரு வரி சேர்த்தார். "சட்டம்னா பல் இருக்கணும்மா," என்று எனக்கே பாடம் வேறு.

அக்டோபர் 23

மூன்று பன்றித் திருத்தத்தோடு மசோதா நிறைவேறியது! நெவெனா அக்கா போனில் அழுதாள். அழுதுகொண்டே, ஏன் மூணோட நிறுத்தினே என்று திட்டினாள்.

அக்டோபர் 24

தீர்மானம் தோற்றது. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். எதிர்க்கட்சிக்காரர்கள் என்னைப் பார்த்துப் பன்றி மாதிரி உறுமினார்கள். நன்றாகவே உறுமுகிறார்கள், பழக்கம் போல.

நவம்பர் 6

பிரதமர் ருசினோவை மந்திரி பதவியிலிருந்து தூக்கிவிட்டார். 'மாட்டு டாக்டர் அதட்டலுக்கே படுத்தவன் எனக்கு எதுக்கு?' என்றாராம். ஆக, அவர் என் நாற்காலிக்கு — சரி, அவர் நாற்காலிக்கு.

ஜெயிச்சதாலயே போச்சு. இதை எவகிட்ட சொல்லி அழ? காரிலேயே அழுதேன். பொய் எதற்கு, நாற்காலிக்காகத்தான் அழுதேன்.

டிசம்பர் 21

கிறிஸ்துமஸ் நெருங்குகிறது, ஊரெல்லாம் பன்றி வெட்டு. இறைச்சியில் புழு இல்லை என்று நான் பார்த்துச் சொல்லும்வரை ஒருவரும் வாயில் வைக்கமாட்டார்கள். காலையிலிருந்து வாசலில் வரிசை.

நெவெனா அக்காவின் பன்றி சுத்தம். "சாப்பிடுக்கா," என்றேன். ஒரு தட்டு ஈரலை என் மேஜையில் வைத்தாள். "நாற்காலி போனா போகுதுடி. அதை வறுத்தா திங்க முடியும்?"

அவளுக்குப் பின்னால் ருசினோவ். தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டிருந்தார். அம்மா வீட்டுப் பன்றிகளாம். பன்றிக்கு ஒன்றாகக் கட்டிய இறைச்சித் துண்டுப் பொட்டலங்களை ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தார். நான்கு.

"நாலு பன்னியா? சட்டம் மூணுன்னு சொல்லுதே. மிச்சம் பறிமுதலாச்சே."

"அட, நீங்க எழுதின சட்டம்தானே டாக்டரம்மா," என்று குனிந்து கிசுகிசுத்தார். "கொஞ்சம் பாத்து…"

"நான் அஞ்சுன்னுதாங்க எழுதினேன்."