பெசன்ட் நகரில் ஐந்து விநாடி

நேற்று கே.கே. நகர் பட்டறைக்குக் காரை விடப் போனேன். பக்கத்தில் ஒரு பழைய ஜீப்பின் பின் அச்சைத் திறந்து வைத்திருந்தார்கள். கந்தகம் கலந்த எண்ணெய் நெடி. "பின் அச்சுப் பல்சக்கரத்துக்கு ஊத்தற கிரவுன் ஆயில்மா, இப்டித்தான் நாறும். தள்ளி நில்லும்மா" என்றார் மெக்கானிக். நான் நகரவில்லை. அண்ணா, ஒரு காலத்தில் உன் சட்டைகளை விட்டுப் போகாத நெடி அது.

எழுபதுகளின் தொடக்கத்தில் அந்த இரண்டு கதவுக் காரை மயிலாப்பூருக்கு ஓட்டி வந்தாய். இரண்டு கை மாறிய வண்டி. ஆயிரம் சிசிகூட இல்லாத இன்ஜின். ஆனாலும் தாழ்ந்த கூரையோடு பந்தயத்துக்குப் புறப்பட்ட மாதிரி நிற்கும். "ஏழைக்கேத்த ஸ்போர்ட்ஸ் காருடி. முன்சக்கரத்துக்குத் திரும்பற வேலை மட்டும்தான். தள்றது பூரா பின்னாடி" என்றாய். நான் முன் கதவைத் திறக்கப் போனேன். அப்பா சொன்னார்: "நீ பின்னால உக்காந்துண்டு போ."

எனக்கு அப்போது இருபது வயது. அன்று பின் சீட்டில் உட்கார்ந்து உன் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நீ வேலைக்குப் போனதும் வண்டியின் கையேட்டை எடுத்து வரி விடாமல் படித்தேன். வண்டி முழுக்க நின்ற பிறகே முதல் கியர் போட வேண்டும் என்று அதில் இருந்தது. நீ தினமும் உருண்டுகொண்டே போட்டுப் பற்களைக் கறகறக்க வைத்தாய். ஒவ்வொரு கறகறப்புக்கும், இது என் வண்டியாக இருந்தால் என்று மனம் எரிந்தது.

பந்தயத்தில் ஓட்டும் ஆசை உனக்கு. ஒரு சுற்றுக்கு எத்தனை விநாடி என்று ஸ்டாப் வாட்ச்சில் பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. "பாக்கறேன். ஆனா எனக்கும் ஓட்டக் கத்துத் தரணும்" என்றேன். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பெசன்ட் நகருக்குப் போனோம். வீடுகள் முளைக்காத மனைகளைச் சுற்றிப் புதிதாகத் தார் போட்ட சாலை. நான்கு வளைவுகள். கடலோர வளைவில் நீ பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுப்பாய். பின்சக்கரங்கள் உள்ளே மடங்கி, வண்டியின் வால் மணல் பக்கம் வீசும்.

பல வாரங்கள் பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது. ஒருநாள் என் முறை வந்தபோது, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து இரண்டாம் கியருக்கு வந்தேன். உள்ளே நுழைந்ததும் ஆக்சிலரேட்டரை மெல்ல மிதித்தபடியே இருந்தேன். வண்டியின் பின்பக்கம் தரையில் அமர்ந்து, என் முதுகைத் தள்ளிக்கொண்டு போனது. அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன் எனக்குத் தெரியாது.

"எவ்ளோ அண்ணா?"

"நான் லேட்டா அமுக்கிட்டேன். சரியா வரலை."

நீ ஸ்டாப் வாட்ச்சைப் பூஜ்யத்துக்குத் திருப்புவதற்குள் நான் பார்த்துவிட்டேன். உன்னுடைய சிறந்த நேரத்தைவிட ஐந்து விநாடி குறைவு. உன் முகத்தையும் பார்த்தேன். அத்தனை மாதமாகப் பின் சீட்டில் நான் வைத்திருந்த முகம், அன்று உன்னிடம் இருந்தது.

மறுவாரம் சாவி மேஜை இழுப்பறையில் இல்லை. "கிளட்ச் தேயறது, வேண்டாம்" என்றாய். உன் கல்யாணத்துக்கு முன்னால் வண்டியையும் விற்றுவிட்டாய். கல்யாணப் பந்தியில் அந்த நேரத்தை உன்னுடையதாகச் சொன்னாய். எதிரிலேயே நின்று பரிமாறிக்கொண்டிருந்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை.

போன மாதம் உன் பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டில் உன் நண்பர் அதே கதையை ஆரம்பித்தார். "அந்த வளைவுல இவன மாதிரி எவனும் ஓட்டினதில்ல." பாயச வாளியைக் கீழே வைத்தேன். "அது அண்ணா இல்லை. நான் ஓட்டினது" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். மன்னிகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். காரில் இருந்தது நாம் இருவர்தான். சாட்சி சொல்ல நீ இல்லை.

அன்றிரவு அழுதேன். உனக்காகவா என்று கேட்டால் பாதிதான் என்பேன். நேரத்தை நீ எடுத்துக்கொண்டதை எப்போதோ மன்னித்துவிட்டேன். சாவியை ஒளித்ததைத்தான் இன்னும் மன்னிக்க முடியவில்லை. இன்னும் ஒரே ஒரு ஞாயிறு கொடுத்திருந்தால் இரண்டு விநாடி குறைத்திருப்பேன், அண்ணா.