ஏப்ரல் ஏழு, ஜூலை நான்கு

தந்தா,
ஜூலை பதினாறு

அன்பு மகள் துஹாவுக்கு,

இறைவனின் அமைதி உன்னோடு இருக்கட்டும். நானும் அப்பாவும் உடம்பளவில் நன்றாக இருக்கிறோம். ராட்டர்டாமில் நீயும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். போனில் என் குரல் சரியில்லை என்றாய். பேசினால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் கண் ஆஸ்பத்திரிக் கணினி உனக்கு நினைவிருக்கும். தேதியின் நாளை முதலிலும் மாதத்தை அடுத்தும் அடித்தால் நோயாளியின் சீட்டில் இரண்டையும் இடம் மாற்றிவிடும். அதனால் பதிவு மேசையில் நாங்கள் நால்வரும் ஆறு வருடமாகத் தலைகீழாகவே அடித்தோம், சீட்டு சரியாக வந்தது. ஜனவரியில் நீ அதைப் பார்த்துச் சிரித்தாய். "ம்மா, வரும்போதே அப்படி வச்சு அனுப்பியிருக்காங்க, ஒரு தடவ மாத்தி வச்சா ஆயுசுக்கும் தொல்லை இல்ல" என்று வழியும் எழுதிக் கொடுத்தாய். பிப்ரவரியில் மாற்றினேன். என் பக்கத்து இருக்கை சுஹைர்கூட, "என்ன நஜ்லா, பொண்ணு வெளிநாடு போனதும் நீ இன்ஜினியர் ஆயிட்டியா" என்று கேலி செய்துகொண்டே நேராக அடிக்கப் பழகினாள். சொல்லிக்கொடுத்த என் விரல்தான் மறந்தது. மாற்றிய மூன்றாம் நாள் கீழ்வீட்டு உம்மு ரிஃபாத் வந்தார், உன் பள்ளிச் சீருடைகளைத் தைத்தவர். கண்ணில் அழுத்தம், அறுவை சிகிச்சை தள்ளிப்போனால் மிச்சப் பார்வையும் போய்விடும் என்று டாக்டர் தன் நோட்டில் ஏப்ரல் ஏழு என்று குறித்திருந்தார். பேச்சுவாக்கில் பழையபடி மாதத்தை முதலில் அடித்துவிட்டேன். பன்னிரண்டுக்கு மேற்பட்ட தேதியென்றால் கணினியே ஏற்காமல் காட்டிக்கொடுத்திருக்கும். ஏழு என்பதால் வாய் திறக்கவில்லை. சீட்டில் ஜூலை நான்கு. "ஜூலைல கூப்பிட்டிருக்காங்க" என்று அவரே படிக்கட்டில் சொன்னபோது, வரிசை நீளம் என்று நானும் தலையாட்டினேன்.

ஜூலை நான்காம் தேதி வெறும் வயிற்றோடும் துணிப்பையோடும் வந்து நின்றவரிடம், முறை ஏப்ரலிலேயே போய்விட்டது என்றார்கள். காலில் விழாத குறையாக நான் கெஞ்சியும் அடுத்த முறை பிப்ரவரியில்தான் கிடைத்தது. அதுவரை கண் தாங்காது என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். தவறு என்னுடையது என்று மேலாளர் முக்தார் சாரிடம் ஒப்புக்கொண்டேன். "ஓடிக்கிட்டிருந்த மிஷின்ல யாரும்மா உன்ன கை வைக்கச் சொன்னது?" என்று கத்திவிட்டு, பழையபடியே மாற்றிவைக்கச் சொல்லிவிட்டார். எல்லோரும் நேராக அடிக்கப் பழகிய பிறகு, துஹா! நேற்று மட்டும் நாளும் மாதமும் இடம் மாறி வந்த இரண்டு சீட்டுகளைக் கிழித்தேன். என் கண்ணில் படாமல் போனவை எத்தனையோ. மாதத்தின் பெயரைக் கையால் எழுதிவிடலாமே என்றேன். அதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டுமாம்.

நீ சொன்னது சரிதான், உன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதை மனதில் ஏற்றிக்கொள்ளாதே, நேரத்துக்குச் சாப்பிடு. உம்மு ரிஃபாத்துக்கு அடித்தது நான்தான் என்று தெரியாது. சொல்ல நேற்றுத் துணிந்தேன். அதற்குள் சூடான ஃபத்தீர் ரொட்டியோடு மேலே வந்துவிட்டார். பிப்ரவரி முறையை நான் வாங்கித் தந்தேனாம், அதற்கு நன்றியாம். என் விரல்களைத் தடவிப் பார்த்து, "இந்தக் கைக்கு ஒரு குறையும் வரக்கூடாதுடி தங்கம்" என்றார். தட்டை வாங்கி உள்ளே வைத்தேன். உன் கல்யாண உடுப்பைத் தான்தான் தைக்க வேண்டுமாம், அளவு கேட்டார்.

அளவை அனுப்பு, மகளே. எண்களைப் பெரிதாக எழுது.

இறைவன் உன் கண்களைக் காக்கட்டும்.

உன் அம்மா,
நஜ்லா