கால் அங்குலம்

மார்ச் 4

நான்கு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

மைத்துனரின் ஊர் வரலாற்றுப் புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. நடுவில் மடித்து வைத்த அதே வரைபடம். அடியில் ‘ஆசிரியரின் பல்லாண்டு உழைப்பு’ என்று ஒரு வரி. உழைத்தது நான். நில அளவை அலுவலகத்தில் இருபத்திரண்டு வருடமாகப் படம் வரைகிறவன். எண்பது வருடத்துக்கு முந்தைய இரண்டு தாள்களைத் தேடிப் பிடித்து, ஓரம் வெட்டி, ஒன்றின் கீழ் ஒன்றை ஒட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் நகல் எடுத்தேன். அழிந்துபோன வண்டித்தடம், கல்குவாரிப் பள்ளம், குவாரி ஆட்களின் குடிசை வரிசை, எல்லாம் என் பேனா.

பத்திரிகைக்கு எழுதப்போகிறேன். பெயர் போட்டு.

மார்ச் 5

மனைவியிடம் சொன்னேன். “பேரு போடலைன்னா இப்ப என்ன குறைஞ்சு போச்சு? எங்க அண்ணன் உங்க சொத்தையா எழுதி வாங்கிட்டாரு?”

சொத்தை எழுதி வாங்கியிருந்தால் மறந்திருப்பேன். அதைச் சொல்லவில்லை.

மார்ச் 8

வெறும் வாய்ப்பேச்சு எடுபடாது, ஆதாரம் வேண்டும். படம் வரைகிறவர்களுக்குத் தெரிந்த வழி ஒன்று இருக்கிறது: திருடியவன் உன் கோட்டோடு உன் பிழையையும் சேர்த்தே எடுத்துப் போயிருப்பான். அதைத் தேடு. புத்தகத்தையும் பழைய தாள்களையும் பக்கத்தில் வைத்துத் தேடுகிறேன்.

மார்ச் 9

ஒரு பிழையும் அகப்படவில்லை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மார்ச் 11

கிடைத்துவிட்டது.

மைலுக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. மைல்கற்கள் அங்குலத்துக்கு ஒன்றாக வர வேண்டும். புத்தகத்தில் நான்காம் கல்லுக்கும் ஐந்தாம் கல்லுக்கும் நடுவே முக்கால் அங்குலம்தான். ஓரம் வெட்டியபோது படத்திலேயே கால் அங்குலம் போயிருக்கிறது. சாலையும் வாய்க்காலும் அங்கே நேராகத் தெற்கே போவதால் ஒட்டு கண்ணுக்குத் தெரியவில்லை. இது என் கத்தி செய்த வேலை, வேறு யாருக்கும் வராது. மாட்டிக்கொண்டார் மச்சான்.

மார்ச் 15, ஞாயிறு

பழைய தாள்களோடு பேருந்தில் போய் இறங்கினேன். பத்திரிகைக்காரன் கேட்டால் இடத்தைக் காட்ட வேண்டுமே. ஐந்தாம் மைல்கல் முள்செடிக்குள் சாய்ந்து கிடந்தது. அங்கிருந்து அடி எண்ணி நடந்தேன். வண்டித்தடம் லேசான தாழ்வாக இன்னும் தெரிகிறது. குடிசை வரிசைக்கு மிஞ்சியது ஒன்பது அடிக்கற்கள். அதற்கு அப்பால் பள்ளம் இருக்க வேண்டிய இடத்தில் சமதரை. தரையில் சுண்ணாம்புக் கோடு, மூலைக்கு மூலை முளை. புதுப் பள்ளிக்கூடம் வரப்போகிறது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணியிடம் இங்கே பள்ளம் இருந்ததா என்று கேட்டேன்.

“கையில படத்தை விரிச்சு வச்சுக்கிட்டு என்னைக் கேக்கறீங்களே சார். நிக்கிறதே அது மேலதான். நான் கல்யாணமாகி வந்தப்ப குப்பையும் மண்ணும் கொட்டி மூடினாங்க. இன்னமும் மழைக்கு ஒரு சாண் உள்ள இறங்குது.”

“கட்டடம் கட்டுறவங்ககிட்ட சொன்னீங்களா?”

“சொன்னேனே. புத்தகத்துல அப்படி இல்லைங்கறாங்க. புத்தகமா இங்க ஆடு மேய்க்குது?”

வெட்டிய கால் அங்குலத்தில் கீழ்த்தாள் முழுக்க மேலே ஏறிவிட்டது; புத்தகத்தில் பள்ளம் கால் மைல் வடக்கே இருக்கிறது.

மார்ச் 16

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 18

மைத்துனர் வீட்டுக்குப் போனேன். கட்டடக் குழுத் தலைவர் அவர்தான். பொறியாளரும் இன்னும் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“வாங்க மாப்பிள்ளை. பள்ளத்தை விட்டுக் கால் மைல் தள்ளி இடம் பிடிச்சாச்சு. எல்லாம் நம்ம புத்தகத்தைப் பார்த்துதான்.”

நான்கு வருடத்தில் முதல் ‘நம்ம’.

“மண்ணைத் தோண்டிப் பார்த்தீங்களா மச்சான்?”

“எண்பது வருஷத்துப் படமே சொல்லுது, அப்புறம் என்ன தோண்டறது? மாப்பிள்ளைக்கு ஆபீஸ் விட்டாலும் அந்த ஆபீஸ் புத்தி விடாது.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

அங்கேயே சொல்லியிருக்கணும். ஏன் சொல்லல? என்னன்னு சொல்றது — படம் தப்பு, வரைஞ்சவன் நான்னா? அத்தனை பேர் முன்னாலயா? ஆறு வகுப்பறை. ஒரு வகுப்புக்கு நாற்பது பிள்ளைங்க.

மார்ச் 20

அஸ்திவாரம் இருபத்தேழாம் தேதி. பொறியாளருக்கு ஒரு பக்கம் எழுதித் தட்டச்சு செய்தேன். இரண்டு தாள்களின் நகலையும் சரியாக ஒட்டி, பள்ளத்தைச் சிவப்பில் வட்டமிட்டு, மைல்கல்லிலிருந்து தூரம் குறித்துவிட்டேன். மூன்று இடத்தில் தோண்டினால் ஒரு மணி நேரத்தில் குப்பை தெரியும் என்றும் எழுதியிருக்கிறேன். நம்பவே வேண்டாம், தோண்டினால் போதும்.

அந்தப் படத்தை வரைந்தது யார் என்று ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். பெயர் போட்டால் படம் எனக்கு வரும், பிழையும் கூடவே வரும். போடாவிட்டால் இரண்டும் அவருக்கு. இது நியாயமா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். நியாயம் இல்லை. ஆனாலும் பத்தியைத் திரும்பச் சேர்க்கவில்லை.

பத்திரிகைக்கு எழுதியதைக் கிழித்தாயிற்று. மொட்டைக் கடிதம் எழுதுகிறவர்களை அலுவலகத்தில் நான் பேசாத பேச்சு இல்லை. இதை மொட்டைக் கடிதமாகவேதான் அனுப்பப்போகிறேன். காலைத் தபாலில் சேர்த்தால் திங்கட்கிழமை பொறியாளர் கையில் இருக்கும்.